மேலூர்த் தக்காளியில் ஒரு புருஸ்கெட்டா

அத்தை கொண்டுவந்த ரொட்டிக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னாராம் கண்டக்டர். ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக, உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது அது. செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் செருகியும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதுரை மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து மேலூரில் இறங்கும்வரை அதை மடியில் கிடத்தி, கைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவளை அழைத்துப்போக நானும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தோம். இறங்கியதும் ரொட்டியை என்னிடம் நீட்டினாள்.

"பாத்துப் பிடிடி. ஒடிஞ்சா வேற கெடைக்காது. இங்கன எந்த பேக்கரியிலயும் இது இல்ல."

நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த ரொட்டியைச் செங்கோல் மாதிரி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி, எதிரே வருகிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள். மிதித்தவள் சமையல் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் சொந்தக்காரர்களுக்கு ஏகப்பட்ட வருத்தம். சோறாக்குவதற்கு எதற்குப் பட்டம், அதைத்தான் எங்கள் வீட்டு அம்மிக்கல்லே சொல்லித்தருமே என்றார்கள். படிப்பை முடித்து, மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டும் உயரமான தொப்பியுமாக அவள் நிற்கிற படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, உங்க அத்தை டாக்டரா என்று கேட்டாள். அதுக்கும் மேல என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

அதே ஹோட்டலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அந்த வருடம் அத்தை சொல்லியிருந்தாள். அவர்கள் வீடு மதுரையிலேயே செல்லூரில். கீழே விசைத்தறிகள் ஓட, மாடியில் குடும்பம் இருந்தது. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். எங்கள் ஆட்களோ தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் கதிரடித்தவர்கள். எங்கள் தெரு ஊரோடு ஒட்டாமல் கண்மாய்க் கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடந்ததன் காரணம் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓடி விளையாட இடம் வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருந்தார்கள். அந்த அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். விரதம் என்று அந்த அம்மா சொன்னார். அவர் கணவர், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார். பேச்சு எங்கெங்கோ போய் நின்றது. அவர்கள் கிளம்பிய பிறகு ஆடை படிந்த காப்பியை அம்மா கொல்லையில் வாழை மரத்தடியில் ஊற்றினாள். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் காரணம் தெளிவாகவே புரிந்தது. அம்மா காப்பியில் சிக்கரியை அள்ளிப் போடுவாள். அந்த நாற்றத்தைத் தாண்டி யார்தான் குடிப்பார்கள்?

ஆகவே, மறுபடியும் வருகிறோம், இந்தத் தடவை பையனும் வருகிறான் என்று அவர்கள் சொல்லியனுப்பியதும், சாப்பிடக் கொடுப்பதை உருப்படியாகக் கொடுக்கவேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். வீட்டில் பெரியவர்களும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே கவலைதான் என்று எனக்குத் தோன்றியது.

மதுரையில் நல்ல கடையாகப் பார்த்து இனிப்புப் பெட்டி வாங்கிவிடலாம், சீல் வைத்த பாட்டிலில் ஜூஸும் தண்ணீரும் வாங்கி வைத்துவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. அப்படிச் செய்தால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் சங்கடம் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டியோடு வந்து இறங்கிய அத்தை அதைக் கேட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"கடைப் பலகாரத்தத் திங்க அவுங்க கடைக்கே போயிக்கலாம்ண்ணே. நம்ம வீட்டுக்கு வாராங்கன்னா நம்ம கைபட்டதத்தான் வைக்கணும். திங்கிறதும் திங்காததும் அவுங்க பாடு. நாளைக்கு நான் அங்க போயி அடுப்பப் பத்தவைக்கணும்ல? அது இன்னைக்கே தெரிஞ்சுரட்டும்."

அப்பா விருட்டென்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். தாத்தா கூலிக்குக் களை பறித்த நிலத்தில் ஒரு துண்டைத்தான் அப்பா சில வருடங்களுக்கு முன் விலைக்கு வாங்கியிருந்தார். அதில் அந்தப் பருவத்தில் தக்காளி போட்டிருந்தார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஒரு கூடை நிறைய, செடியிலேயே பழுத்துச் சிவந்த நாட்டுத் தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. சந்தைக்கு அனுப்பும்போதுகூட அவர் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பறித்து நான் கண்டதில்லை.

அம்மா கேட்டாள், அப்படி என்ன பலகாரம்தான் பண்ணப்போகிறாய் என்று.

"புருஸ்கெட்டா, மதினி. இத்தாலிக்காரங்க சாப்பாடு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏத்தா, கல்யாணப் பேச்சு நடக்குற வீட்டுல புருசன் கெட்டான்னு ஒரு பலகாரமா? வெளங்குமா இது? ஒனக்கு வேற பேரே கெடைக்கலயா?"

அது இத்தாலிக்காரர்கள் வைத்த பேர் என்று அத்தை சிரித்துக்கொண்டே விளக்கினாள். அம்மா கேட்கிறதாக இல்லை. கடைசியில், அவர்கள் இருக்கும்வரை இதற்குப் பெயர் தக்காளி ரொட்டி என்று முடிவாயிற்று. தப்பித்தவறி வாயைத் திறந்துவிடாதே என்று அம்மா என்னிடம் தனியாக வேறு சொல்லிவைத்தாள்.

அடுத்த தகராறு எண்ணெயில் வந்தது. அத்தை பையிலிருந்து எடுத்த ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை அம்மா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நான் பிறந்தபோது எனக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிய எண்ணெய். பிள்ளைக்குத் தேய்க்கிறதை யாராவது ரொட்டியில் ஊற்றுவார்களா என்று கேட்டு, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இருக்கிறது, அதை ஊற்று என்றாள். அத்தை இரண்டையும் உள்ளங்கையில் ஒவ்வொரு சொட்டு விட்டு அம்மாவை நக்கிப் பார்க்கச் சொன்னாள். அம்மா நக்கிப் பார்த்துவிட்டு, "கசக்குது. ஆனா இருக்கட்டும்" என்றாள். அத்தனை சீக்கிரம் அம்மா எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளும் உள்ளுக்குள் ஜெயிக்கத்தான் நினைத்திருக்கிறாள்.

ரொட்டியைத் தணலில்தான் சுடவேண்டும் என்றாள் அத்தை. தோசைக்கல்லில் சுட்டால் புகை வாசம் ஏறாதாம். கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது, சுடுவதற்குக் கம்பி வலையும் இருந்தது. ஆனால் அது கருவாடு சுடுகிற வலை. அதை எவ்வளவு தேய்த்தாலும் கருவாடு கருவாடுதான் என்று அத்தை சொல்லிவிட்டாள். வருகிறவர்கள் சைவம். புது வலை வாங்க அப்பா மறுபடியும் மேலூருக்கு வண்டியை எடுத்தார்.

இதற்கிடையில்தான் அந்த இலை விஷயம் வந்தது. ரொட்டியின் மேல் போடுவதற்கு அத்தை ஹோட்டலிலிருந்து ஒரு கொத்து இலை கொண்டுவந்திருந்தாள். பஸ் வெயிலில் அது கறுத்துத் துவண்டு, வேகவைத்த கீரை மாதிரி ஆகியிருந்தது. அத்தையின் முகம் வாடிவிட்டது. அதுவரை அவள் எதற்கும் கலங்கியிருக்கவில்லை. இது இல்லாமல் செய்தால் வெறும் தக்காளிச் சட்னி தடவிய ரொட்டிதான் என்றாள். நான் அந்த இலையை வாங்கிக் கசக்கி மோந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த வாசம்.

"அத்தை, இது நம்ம பம்புசெட்டுக்குப் பக்கத்துல காடா மண்டிக் கெடக்கே. திருநீத்துப்பச்ச. தலையில வைப்பாங்கள்ல, அது."

அவள் நம்பவில்லை. நான் நிற்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வரப்பில் ஓடி, வாய்க்கால் ஓரத்திலிருந்து மடிநிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். அத்தை ஒரு தளிரைக் கிள்ளி வாயில் போட்டு மெதுவாக மென்றாள். ஹோட்டல் இலையைவிடக் காட்டமாக இருக்கிறது, ஆனால் குடும்பம் ஒன்றுதான் என்றாள். பிறகு என் தலையைப் பிடித்து ஆட்டி, "நீ பெரிய ஆளுடி" என்றாள். மதுரையின் பெரிய ஹோட்டலில் உயரத் தொப்பி போட்டவள் சொன்னது அது. பிற்பாடு எனக்குக் கிடைத்த பரிசுகள் எதையும் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்கமுடியவில்லை.

அத்தை துணியில் சுற்றி வைத்திருந்த தன் கத்தியை எடுத்தாள். தக்காளியைக் கீறி, விதையையும் சாற்றையும் ஒதுக்கிவிட்டு, சதையை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கினாள். உப்புப் போட்டு வடிதட்டில் வைத்தாள். வடிந்த சாற்றை அம்மா வீணாக்கவில்லை, ரசத்துக்கு எடுத்துக்கொண்டாள். அத்தை இலையைக் கையாலேயே கிள்ளிப் போட்டு, எண்ணெய் விட்டு, மிளகைத் தட்டித் தூவி மூடி வைத்தாள். எனக்குக் கொடுத்த வேலை, சுட்ட ரொட்டித் துண்டின் மேல் பச்சைப் பூண்டைத் தேய்ப்பது. ரொட்டி சொரசொரவென்று அரம் மாதிரி இருப்பதால் பூண்டு தேயத் தேயக் கரைந்து அதற்குள்ளேயே இறங்கிவிடும். செல்லூரில் பூண்டு சாப்பிடுவார்களா என்று அம்மா கவலைப்பட்டாள். சாப்பிடுவார்கள், அதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்றாள் அத்தை.

ஒன்றை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். தக்காளியை முன்னாலேயே ரொட்டியில் ஏற்றிவைக்கக்கூடாது. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஏற்றவேண்டும். ஏற்றியதும் சாப்பிட்டுவிடவேண்டும். கடிக்கும்போது சத்தம் கேட்கவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊறிப்போய்ப் பழைய சோறு மாதிரி ஆகிவிடும். இது என் மனத்தில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

வெயில் தாழ்ந்த பிறகு அவர்கள் காரில் வந்தார்கள். அதே அம்மா, அதே கைப்பை. அவர் கணவர் வெள்ளைச் சட்டையில் இருந்தார். இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட மாப்பிள்ளை, இருவருக்கும் பின்னால் பரீட்சை எழுத வந்தவர் போல வந்தார். அப்பா வாங்கி வைத்திருந்த சீல் உடைக்காத தண்ணீர்ப் பாட்டில்கள் மேசையில் வரிசையாக நின்றன. அத்தை எவ்வளவு சொல்லியும் அதை மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை உள்ளே ரொட்டியில் தக்காளியை ஏற்ற ஆரம்பித்தாள். தட்டை நான்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன்.

மேசையில் வைத்தேன். யாரும் கை நீட்டவில்லை.

"எடுத்துக்கங்கம்மா" என்றார் அப்பா. அவர் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

இருக்கட்டும், மெதுவாகச் சாப்பிடுகிறோம் என்றார் அந்த அம்மா. மழை பற்றிப் பேசினார்கள். நூல் விலை பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளை ஒரு துண்டை எடுக்கப்போய், தன் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அம்மா கதவோரம் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். எல்லோரும் தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். நான் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் இருந்த துண்டில் தக்காளிச் சாறு ரொட்டிக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. என் பூண்டு, என் இலை, அத்தையின் காலை நேர உழைப்பு முழுவதும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் நேராக அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"இப்பவே சாப்பிட்டுருங்க. பேசிட்டே இருந்தா ஊறிப்போயிரும். அப்பறம் சத்தம் வராது. சத்தம் வரலைன்னா நல்லாருக்காது."

என்னைத் தடுக்க அப்பா பாதி எழுந்துவிட்டார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மண் ஒட்டிய என் காலைப் பார்த்தார், பூண்டு மணக்கும் என் விரல்களைப் பார்த்தார். "சத்தம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

சத்தம் வந்தது. கதவோரம் நின்ற அம்மாவுக்கே கேட்டிருக்கும்.

மெதுவாக மென்றார். முழுங்கினார். தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். உடனே அவரும் ஒன்று எடுத்தார். மாப்பிள்ளை இரண்டை எடுத்தார். "தக்காளி எங்க வாங்குனது?" என்று கேட்டார் அந்த அம்மா. நம்ம தோட்டந்தாங்க என்று அப்பா சொன்னார். அந்த 'நம்ம தோட்டம்' அவர் வாயிலிருந்து அவ்வளவு நிதானமாக வந்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இலை நான் பறிச்சது என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

"அப்படியா. இதுக்கு என்னம்மா பேரு?"

அம்மா என்னை முறைத்தாள். தக்காளி ரொட்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை பேர் சத்தத்தோடு கடித்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் தக்காளி ரொட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"புருஸ்கெட்டா" என்றேன்.

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் கணவரின் பக்கம் திரும்பினார். அவர் மூன்றாவது துண்டில் இருந்தார். தக்காளிச் சாறு மணிக்கட்டு வழியாக ஓடி வெள்ளைச் சட்டையின் கையைச் சிவப்பாக்கியிருந்தது.

"ஆமா, இவர் கெட்டுத்தான் போயிட்டாரு" என்றார்.

முதலில் சிரித்தது அத்தை. சமையலறைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு வெடித்து வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர. அப்பா சிரிக்க ஆரம்பித்து நடுவில் மறந்துவிட்டவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பூண்டு காட்டமோ என்னவோ, அந்த அம்மாவுக்குத் தொண்டை கமறியது. அப்பா பதறிப்போய்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகப் போனார். அது எதுக்கு, வெயிலுக்குப் பானைத் தண்ணி குடுங்க என்றார் அவர். நான் உள்ளே ஓடிப்போய் மண்பானையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் மொண்டு வந்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீர் கொடுப்பதில் என் கவனம் இல்லை. தட்டு காலியாகிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அத்தை வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு நூல் விலையை விட்டுவிட்டுத் தேதிக்கு வந்தது. அவர்கள் கிளம்பும்போது மிச்சத் தக்காளியை அப்பா காரில் ஏற்றிவிட்டார். அடுத்த தடவை செல்லூருக்கு வரும்போது இந்த ரொட்டியை எங்கள் வீட்டு அடுப்பில் செய்து காட்டவேண்டும் என்று அந்த அம்மா அத்தையிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் மண்ணில் நின்றாலும் கால் தரையில் பாவவில்லை. ஓர் இத்தாலியப் பலகாரம் எங்கள் வீட்டில் கல்யாணத்தை முடித்துவைத்திருக்கிறது, அதில் என் பங்கும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் நின்றபடி ஒவ்வொரு சொந்தக்காரருக்காகப் போன் செய்தார். திருப்பூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு, தூத்துக்குடிச் சித்தப்பாவுக்கு, பசுமலையில் வேலை பார்க்கும் மாமாவுக்கு. ரொட்டியைப் பற்றி எப்படிச் சொல்கிறார் என்று கேட்பதற்காகவே நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

"தண்ணி வாங்கிக் குடிச்சாங்கண்ணே" என்றார் அப்பா. "பாட்டில் தண்ணி இல்லண்ணே, நம்ம பானைத் தண்ணி. வாய் வச்சு. ரெண்டாவதும் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

ஒவ்வொருவரிடமும் இதையேதான் சொன்னார். தணல் இல்லை, பூண்டு இல்லை, பம்புசெட்டு இலை இல்லை. நான் வேட்டியைப் பிடித்து இழுத்து, புருஸ்கெட்டாவச் சொல்லுங்கப்பா என்றேன். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் தண்ணீருக்கே போனார். அவர் குரல் நடுங்குவது தெரிந்தது. போனில் சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். தண்ணீர் யார் வந்து கேட்டாலும் கொடுக்கிறதுதானே, அதை ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்வார்களா? எதைச் சொல்வது, எதை விடுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடலாம் என்று எழுந்து, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு ஓடினேன்.